ஐரோப்பாவில் ஜனநாயகம் சரிந்த இருபது ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பாவைப் பற்றிப் பேச்சு வரும்போது, கல்லூரி மாணவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், செய்தித்தாளில் ஏதோ ஓர் ஒப்பீட்டைப் பார்த்துவிட்டு வருபவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓரிடத்தில் விளக்கியதை மறுபடி எழுதாமல் முந்தைய பதிலைச் சுட்டுவதற்காக எண்கள் இடப்பட்டுள்ளன.

1. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலம் என்றால் எதிலிருந்து எதுவரை? அதில் அப்படி என்ன சிறப்பு?

1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்ததிலிருந்து 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது வரையிலான ஏறக்குறைய 21 ஆண்டுகளே இந்தக் காலம். போரின் முடிவில் ரஷ்ய, ஜெர்மன், ஆஸ்திரிய-ஹங்கேரிய, உதுமானியப் பேரரசுகள் நான்கும் வீழ்ந்துகிடந்தன. அவற்றின் நிலப்பரப்பில் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, பின்லாந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா என்று புதிய நாடுகள் தோன்றின. இவை அனைத்தும், ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்த்து, எழுதப்பட்ட அரசியலமைப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், பரந்த வாக்குரிமை ஆகியவற்றோடு தொடங்கின. ஜெர்மானியப் பெண்கள் 1919 ஜனவரியில் முதன்முறையாகத் தேசியத் தேர்தலில் வாக்களித்தார்கள்.

ஜனநாயகம் இவ்வளவு வேகமாகப் பரவியதும், பரவிய வேகத்திலேயே சுருங்கியதும் ஒரே தலைமுறையின் கண்முன் நடந்தன என்பதே இந்தக் காலத்தின் தனித்தன்மை.

2. எந்தெந்த நாட்டில் எப்போது கவிழ்ந்தது? வரிசையாகச் சொல்ல முடியுமா?

ஹங்கேரியில் 1920இல் ஹோர்த்தி அரசப் பிரதிநிதியாக அமர்ந்தார். இத்தாலியில் 1922இல் தொடங்கிய சரிவு 1925இல் நிறைவுற்றது. பல்கேரியாவிலும் ஸ்பெயினிலும் 1923இல் ராணுவப் புரட்சிகள் நடந்தன. அல்பேனியா 1925இல் சோகு என்பவரின் கைக்குப் போனது; மூன்றாண்டுகளில் அவர் தம்மை மன்னராகவே அறிவித்துக்கொண்டார். 1926 ஒரே ஆண்டில் போலந்து, போர்ச்சுகல், லித்துவேனியா மூன்றும் கவிழ்ந்தன. யூகோஸ்லாவியாவில் 1929 ஜனவரி 6 அன்று மன்னர் அலெக்சாண்டர் அரசியலமைப்பை ரத்து செய்தார். பிறகு 1933இல் ஜெர்மனி, 1933-34இல் ஆஸ்திரியா, 1934இல் எஸ்தோனியாவும் லாத்வியாவும், அதே ஆண்டில் மறுபடியும் பல்கேரியா, 1936இல் கிரீஸ், 1938இல் ருமேனியா.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தைத் தொடங்கிவைத்த நியூயார்க் பங்குச்சந்தை வீழ்ச்சி 1929 அக்டோபரில்தான் நேர்ந்தது. அதற்கு முன்பே பாதிக்கு மேற்பட்ட நாடுகள் விழுந்துவிட்டன. ஜெர்மனியை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் காலத்தைப் படிப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

3. சோவியத் ரஷ்யாவை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை? அதுவும் சர்வாதிகாரம்தானே?

சர்வாதிகாரம்தான். ஆனால் அங்கே ஜனநாயகம் சரிவதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. 1917 நவம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியலமைப்பு அவை 1918 ஜனவரியில் ஒரே ஒருமுறை கூடியது. மறுநாள் போல்ஷெவிக்குகள் அதைக் கலைத்துவிட்டார்கள். மற்ற நாடுகளின் கதையில் ரஷ்யா அச்சமாகவே நுழைகிறது. ஹங்கேரியில் 1919இல் பேலா குன் தலைமையில் 133 நாட்கள் நடந்த சோவியத் ஆட்சி, அந்த நாட்டு நிலக்கிழார்களையும் நடுத்தர வர்க்கத்தையும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மிரட்சியில் வைத்திருந்தது.

4. இந்தச் சர்வாதிகாரிகள் எல்லோருமே பாசிஸ்டுகளா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வைத்துக்கொள்ளலாம். வெகுமக்கள் கட்சி, சீருடைப் படை, தலைவர் வழிபாடு ஆகியவற்றோடு ஆட்சிக்கு வந்த பாசிச இயக்கங்கள் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் மட்டுமே உண்டு. மற்ற இடங்களில் ஆட்சியைப் பிடித்தவர்கள் மன்னர்கள், தளபதிகள், பழைய கட்சித் தலைவர்கள். போர்ச்சுகலின் சலசார் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர். போலந்தின் பில்சுட்ஸ்கி முன்னாள் சோசலிஸ்டு, விடுதலைப் போராட்ட நாயகர். ஹோர்த்தி, கடற்கரையே இல்லாமல் போன ஒரு நாட்டின் கடற்படைத் தளபதி.

இவர்களில் பலர் தங்கள் நாட்டுப் பாசிஸ்டுகளைச் சிறையில் அடைத்தவர்கள். ருமேனியாவில் 'இரும்புக் காவல்' இயக்கத் தலைவர் கொத்ரேயானு, 1938இல் மன்னர் இரண்டாம் கரோலின் ஆட்சியில் காவலில் இருந்தபோது கொல்லப்பட்டார். லாத்வியாவின் உல்மானிஸும் அந்நாட்டுத் தீவிர வலதுசாரிகளை ஒடுக்கினார். மக்கள் தெருவில் திரள்வதை இந்த ஆட்சியாளர்கள் விரும்பவில்லை. அவர்கள் வீட்டில் அமைதியாக இருந்தாலே போதும் என்று நினைத்தார்கள்.

5. முசோலினி ரோமின் மீது படையெடுத்து ஆட்சியைப் பிடித்தார் என்றுதானே படித்தோம்?

பாசிஸ்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். 1922 அக்டோபர் 28 அன்று ரோம் நகரைச் சுற்றித் திரண்ட முசோலினியின் கருஞ்சட்டைப் படையினர் மழையில் நனைந்து, சரியான ஆயுதங்களும் உணவும் இல்லாமல் நின்றார்கள்; ராணுவம் நினைத்திருந்தால் விரட்டியடித்திருக்கலாம். பிரதமர் ஃபாக்தா ராணுவ முற்றுகை ஆணையைத் தயாரித்து மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் கொண்டுபோனபோது, அவர் கையொப்பமிட மறுத்தார். அதன்பின் மன்னரே அழைப்பு அனுப்ப, மிலானில் காத்திருந்த முசோலினி இரவு ரயிலில் படுக்கைப் பெட்டியில் ரோம் வந்து, அக்டோபர் 30 அன்று பிரதமரானார். வெற்றி ஊர்வலம் அதற்குப் பிறகு நடந்தது.

அப்போது 500க்கும் மேற்பட்ட இடங்கள் கொண்ட அவையில் பாசிஸ்டுகளுக்கு 35 இடங்களே இருந்தன. அந்த இடங்களும், 1921 தேர்தலில் மூத்த தாராளவாதத் தலைவர் ஜொலித்தி தமது கூட்டணியில் சேர்த்துக்கொண்டதால் கிடைத்தவை. பாசிஸ்டுகளைக் கூட்டணிக்குள் வைத்துப் பழக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. புதிய அரசுக்கு நம்பிக்கை வாக்கு அளித்த 306 பேரில் பெரும்பாலோர் மரபான கட்சிகளைச் சேர்ந்தவர்கள். கோட்டைக் கதவு உள்ளிருந்துதான் திறக்கப்பட்டது.

6. பிரதமரான உடனேயே சர்வாதிகாரி ஆகிவிட்டாரா?

இரண்டே கால் ஆண்டு பிடித்தது. முதலில் 1923இல் அசெர்போ சட்டம் வந்தது: நான்கில் ஒரு பங்கு வாக்குகளைத் தாண்டி முதலிடம் பெறும் பட்டியலுக்கு அவையில் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். 1924 ஏப்ரல் தேர்தலில் அடிதடிக்கும் மிரட்டலுக்கும் நடுவே பாசிஸ்டுப் பட்டியல் ஏறத்தாழ 65 சதவீதம் வாக்குகளைப் பெற்றது. அந்த வன்முறையை மே 30 அன்று அவையில் புள்ளிவிவரத்தோடு அம்பலப்படுத்திய சோசலிச உறுப்பினர் ஜாக்கோமோ மத்தேயோத்தி, ஜூன் 10 அன்று ரோமில் பட்டப்பகலில் காரில் கடத்திக் கொல்லப்பட்டார்.

நாடே கொதித்தது. பாசிஸ்டுகள் பலர் கட்சிச் சின்னத்தைக் கழற்றிவைத்தார்கள். எதிர்க்கட்சியினரோ அவையை விட்டு வெளியேறி, மன்னர் தலையிடுவார் என்று காத்திருந்தார்கள். அவர் அசையவே இல்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி அவையில் எழுந்து, நடந்த அனைத்துக்கும் தாமே பொறுப்பு என்று அறிவித்து, முடிந்தால் என்மீது நடவடிக்கை எடுங்கள் என்று சவால் விட்டார். எவரும் எடுக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மற்றக் கட்சிகளும் சுதந்திரமான பத்திரிகைகளும் இல்லாமல் ஆக்கப்பட்டன.

7. ஹிட்லர் ஓட்டு வாங்கித்தானே ஆட்சிக்கு வந்தார்? மக்கள்தானே தேர்ந்தெடுத்தார்கள்?

பாதி உண்மை. நாசிக் கட்சி 1928இல் 2.6 சதவீதம், 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3 சதவீதம் வாக்குகளைப் பெற்றது. அதுவே சுதந்திரமான தேர்தலில் அது தொட்ட உச்சம். 1932 நவம்பரில் ஏறத்தாழ 20 லட்சம் வாக்குகளை இழந்து 33.1 சதவீதத்துக்கு இறங்கியது. அதே ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் ஹிட்லர் ஹிண்டன்பர்க்கிடம் தோற்றிருந்தார். எதிரிகளைச் சிறையில் அடைத்துவிட்டு நடத்திய 1933 மார்ச் தேர்தலிலும் 43.9 சதவீதமே கிடைத்தது.

கட்சி கடனில் தத்தளித்துத் தேய்ந்துகொண்டிருந்த வேளையில்தான், முன்னாள் பிரதமர் பாப்பன் 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஒரு வங்கியாளரின் வீட்டில் ஹிட்லரைச் சந்தித்தார். ஹிட்லர் பிரதமர், பாப்பன் துணைப் பிரதமர், ஹிட்லரைத் தவிர அமைச்சரவையில் நாசிகள் இருவர் மட்டும் என்பது பின்னர் உருவான ஏற்பாடு. மரபுவாதிகள் சூழ்ந்திருந்தால் அவரைக் கட்டிப்போடலாம் என்று 85 வயது ஹிண்டன்பர்க்கை நம்பவைத்தார்கள். ஜனவரி 30 அன்று பதவியேற்பு நடந்தது. ஜொலித்தி 1921இல் போட்ட அதே கணக்கு (பார்க்க: 5).

ஆனாலும் மக்களுக்குப் பங்கே இல்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடக் கூடாது. மூன்றில் ஒருவர் அந்தக் கட்சிக்கு வாக்களிக்காமல் இருந்திருந்தால், பாப்பன் அவரைத் தேடிப் போயிருக்கவே மாட்டார்.

8. மூட்டை மூட்டையாகப் பணம் கொடுத்து ரொட்டி வாங்கினார்களாமே, அந்தப் பணவீக்கம்தானே ஹிட்லரைக் கொண்டுவந்தது?

ஆண்டுகளைப் பொருத்திப் பாருங்கள். ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை 1923 நவம்பரில் வந்தது. அந்த மாதம்தான் ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்று தோற்றுச் சிறைக்குப் போனார். அதற்கு ஐந்தாண்டுகள் கழித்தும் அவர் கட்சிக்கு 2.6 சதவீதமே கிடைத்தது. நாசிகள் வளர்ந்த 1930-32இல் ஜெர்மனியில் விலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வேலையில்லாதோர் எண்ணிக்கைதான் 60 லட்சத்தைத் தொட்டது.

இரண்டுக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. சேமிப்பை 1923இல் பறிகொடுத்த நடுத்தர வர்க்கம் குடியரசின் மீதும் தன் பழைய கட்சிகளின் மீதும் நம்பிக்கை இழந்திருந்தது. பிரதமர் புரூனிங்கும் மீண்டும் பணவீக்கம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் மந்தத்தின் நடுவே சம்பளத்தையும் செலவையும் வெட்டினார்.

9. வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணமா?

தோற்ற ஜெர்மனியின் மீது 1919இல் விதிக்கப்பட்ட அமைதி உடன்படிக்கை அது; ஜெர்மனியின் கோபத்துக்கு ஒரு காரணம். ஆனால் போரில் வென்ற தரப்பிலிருந்த இத்தாலியும் போர்ச்சுகலும் ருமேனியாவும், போரால் விடுதலையே பெற்ற போலந்தும் பால்டிக் நாடுகளும் சர்வாதிகாரத்தில் விழுந்ததை அந்த உடன்படிக்கை விளக்காது. தோற்ற தரப்பிலிருந்து பிறந்த செக்கோஸ்லோவாக்கியா நின்றதையும் விளக்காது.

10. கட்சிகள் அதிகமாக இருந்ததும் விகிதாசாரப் பிரதிநிதித்துவமும்தான் ஜனநாயகத்தைக் கெடுத்தன என்கிறார்களே?

அரசுகள் அடிக்கடி கவிழ்ந்தது உண்மை. போர்ச்சுகலில் 1910 முதல் 1926 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட அமைச்சரவைகள் வந்துபோயின. ஆனால் நெதர்லாந்து, பெல்ஜியம், சுவீடன், டென்மார்க் ஆகியவையும் வாக்குப் பங்குக்கு ஏற்ப இடங்கள் தரும் விகிதாசார முறையில்தான் தேர்தல் நடத்தின. செக்கோஸ்லோவாக்கியாவில் மிகப் பெரிய கட்சிக்கே 15 சதவீத அளவில்தான் வாக்கு. அங்கே ஐந்து முக்கியக் கட்சிகளின் தலைவர்கள் தனியாகக் கூடி உடன்பாடு காணும் வழக்கத்தை உருவாக்கிக்கொண்டார்கள். அது வெளிப்படையான முறை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்சி நடந்தது.

சிக்கல் கட்சிகளின் எண்ணிக்கையில் இல்லை. 1930 மார்ச்சில் ஜெர்மனியின் கடைசிப் பெரும்பான்மை அரசு, வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தா விகிதத்தைச் சற்றே உயர்த்துவது பற்றிய சச்சரவில் உடைந்தது. நாட்டின் அளவோடு ஒப்பிட்டால் மிக அற்பமான தொகை. விட்டுக்கொடுத்தால் தன் ஆதரவாளர் போய்விடுவார் என்று ஒவ்வொரு கட்சியும் அஞ்சியது.

11. ஜெர்மன் அரசியலமைப்பின் 48ஆவது பிரிவு இல்லாமல் இருந்திருந்தால்?

நெருக்கடியில் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அவசர ஆணைகள் பிறப்பிக்க அந்தப் பிரிவு இடம் கொடுத்தது. முதல் குடியரசுத் தலைவர் எபர்ட் அதை நூறு முறைக்கு மேல் பயன்படுத்தினார். பெரும்பாலும் குடியரசைக் காப்பதற்காக. ஹிண்டன்பர்க்கின் காலத்தில் அதுவே ஆட்சிமுறையாகிவிட்டது. 1931இல் சட்டங்களைவிட அவசர ஆணைகள் அதிகம். 1932இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் வெறும் 5. ஹிட்லர் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே நாடாளுமன்ற ஆட்சி ஓய்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆயினும் அந்தப் பிரிவு இல்லாவிட்டால் வேறொன்று கிடைத்திருக்கும். ஆஸ்திரியாவில் 1933 மார்ச் 4 அன்று, ஒரு வாக்கெடுப்புச் சச்சரவில் அவையின் தலைவர்கள் மூவரும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். நாடாளுமன்றம் தன்னைத்தானே முடக்கிக்கொண்டது என்று பிரதமர் டோல்ஃபஸ் அறிவித்தார். மீண்டும் கூட முயன்றவர்களைப் போலீஸ் தடுத்தது. பிறகு 1917ஆம் ஆண்டின் போர்க்காலப் பொருளாதாரச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து அதைக்கொண்டே ஆண்டார்.

12. ஆக எல்லாம் சட்டப்படிதானே நடந்திருக்கிறது?

சட்டத்தின் உருவம் இருந்தது. 1933 பிப்ரவரி 27 அன்று ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே 48ஆவது பிரிவின்கீழ் அடிப்படை உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 23 அன்று, சட்டமியற்றும் அதிகாரத்தை அமைச்சரவைக்கே மாற்றும் அதிகாரமளிப்புச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் 81 பேரும் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். அவை கூடிய இசையரங்கைச் சீருடைப் படையினர் சூழ்ந்து நின்று முழக்கமிட்டார்கள். ஆதரவாக 444, எதிராக 94. எதிர்த்த அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். அவர்கள் தலைவர் ஒட்டோ வெல்ஸ் மட்டுமே எதிர்த்துப் பேசினார்.

கத்தோலிக்க மையக் கட்சி ஆதரித்து வாக்களித்தது. ஹிட்லர் எழுத்துமூலம் தருவதாகச் சொன்ன உறுதிமொழிக் கடிதம் அதன் கைக்கு வந்து சேரவே இல்லை. ஜூலை 5 அன்று அந்தக் கட்சி தன்னைக் கலைத்துக்கொண்டது. ஜெர்மன் குடியரசின் வைமார் அரசியலமைப்போ முறைப்படி நீக்கப்படாமலேயே 1945 வரை காகிதத்தில் இருந்தது.

13. கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் சேர்ந்திருந்தால் ஹிட்லரைத் தடுத்திருக்கலாமே?

1932 நவம்பரில் இரு கட்சிகளுக்கும் சேர்த்து 221 இடங்கள், நாசிகளுக்கு 196. எண்ணிக்கை ஆசை காட்டுகிறது. ஆனால் 584 பேர் கொண்ட அவையில் 221 பெரும்பான்மை ஆகாது. மாஸ்கோவின் வழிகாட்டுதலில் கம்யூனிஸ்டுகள் சமூக ஜனநாயகவாதிகளைச் 'சமூகப் பாசிஸ்டுகள்' என்றே அழைத்தார்கள். 1919இல் கம்யூனிஸ்டுத் தலைவர் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர்கள் சமூக ஜனநாயகவாதிகள்தாம் என்பதைக் கம்யூனிஸ்டுகள் மறக்கவும் இல்லை. ஒற்றுமை தெருவில் எதிர்ப்பை வலுப்படுத்தியிருக்கலாம். ஆனால் முடிவெடுத்தது ஹிண்டன்பர்க்கின் அறையில். அங்கே இடதுசாரிகளுக்கு நாற்காலியே இல்லை. பிழையின் முழுச்சுமையையும் இவர்கள் தலையில் ஏற்றுவது பாப்பனுக்குச் செய்யும் சலுகை என்பது என் கருத்து.

14. பெருமந்தம் எல்லா நாட்டையும்தான் அடித்தது. சில நாடுகள் மட்டும் எப்படித் தப்பின?

பழைய, வளமான ஜனநாயகங்கள் தாக்குப்பிடித்தன என்பது வழக்கமான பதில். பின்லாந்துக்கு அது பொருந்தாது. 1918இல் கொடிய உள்நாட்டுப் போரைக் கண்ட புதிய, ஏழை நாடு அது. 1929இல் கிளம்பிய லப்புவா இயக்கம் இடதுசாரிகளைக் கடத்தி அடித்தது. மிரட்டிக் கம்யூனிஸ்டு எதிர்ப்புச் சட்டங்களையும் பெற்றது. 1932இல் மான்ட்சாலா என்ற ஊரில் அது ஆயுதத்தோடு திரண்டபோது, அதன் ஆதரவோடு குடியரசுத் தலைவரான பழுத்த வலதுசாரி ஸ்வின்ஹூஃபுட், வானொலியில் பேசி அவர்களை வீடு திரும்பச் சொன்னார். ராணுவம் அவர் பக்கம் நின்றது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக லப்புவா கேட்டுவாங்கிய சட்டத்தைக் கொண்டே லப்புவா தடைசெய்யப்பட்டது.

பெல்ஜியத்திலும் இதே போக்கு. 1936இல் 21 இடங்களை வென்ற ரெக்ஸ் கட்சியின் தலைவர் டெக்ரெல், 1937 ஏப்ரலில் பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தலில் நின்றார். கத்தோலிக்கர், தாராளவாதிகள், சோசலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள் அனைவரும் வேறு வேட்பாளர் நிறுத்தாமல் பிரதமர் வான் சேலந்தை ஆதரித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினாலும் டெக்ரெலுக்கு எதிராக அறிக்கை விட்டார். வான் சேலந்துக்கு ஏறத்தாழ 76 சதவீதம். 1939இல் ரெக்ஸ் 4 இடங்களுக்குச் சுருங்கியது.

டென்மார்க்கில் உழவர் கட்சியும் சமூக ஜனநாயகவாதிகளும், உழவர்களுக்கு நாணய மதிப்புக் குறைப்பு, தொழிலாளர்களுக்குச் சமூகநலச் சட்டங்கள் என்று பேரம் முடித்தார்கள். அந்த உடன்பாடு எட்டிய நாள் 1933 ஜனவரி 30, ஹிட்லர் பதவியேற்ற அதே நாள். தப்பிய நாடுகளிலும் தீவிரவாதிகள் இருந்தார்கள், வேலையின்மை இருந்தது. பாப்பனைப் போல் கைகொடுக்கும் வலதுசாரித் தலைவர்கள் மட்டும் அமையவில்லை.

15. சர்வாதிகாரி தீவிரவாதிகளைத் தடுப்பதற்காகவே ஆட்சியைப் பிடித்தால், அது ஜனநாயகத்தைக் காப்பதாகாதா?

எஸ்தோனியாவின் ஆட்சித் தலைவர் பேட்ஸ் அப்படித்தான் வாதிட்டார். போர்வீரர் சங்கம் என்ற வலதுசாரி இயக்கம் 1934 தேர்தலில் வெல்லும் நிலையில் இருந்தது. மார்ச் 12 அன்று அவர் அவசரநிலை அறிவித்து அவர்களைக் கைது செய்தார். சமூக ஜனநாயகவாதிகள்கூட முதலில் ஆதரித்தார்கள். ஆனால் தேர்தலைத் தள்ளிவைத்தவர் பின்னர் நாடாளுமன்றத்தையும் கூட்டவில்லை. மற்றக் கட்சிகளையும் இயங்கவிடவில்லை.

டோல்ஃபஸும் நாசிகளைத் தடுப்பதாகச் சொன்னார், தடுக்கவும் செய்தார். ஆனால் 1934 பிப்ரவரியில் அவருடைய பீரங்கிகள் சுட்டது வியன்னாவின் தொழிலாளர் குடியிருப்புகளை. நாசிகளை எதிர்க்க அவருக்கு இருந்த மிகப் பெரிய துணையை அவரே அழித்துக்கொண்டார். ஜூலையில் நாசிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். முந்தைய பதிலில் வரும் ஸ்வின்ஹூஃபுட்டோ தடைசெய்தது இயக்கத்தை மட்டும், நாடாளுமன்றத்தைத் தொடவில்லை.

16. மேலிருந்தவர்கள் கைகொடுத்ததால் விழுந்தது என்கிறீர்கள். ஸ்பெயினில் அப்படி நடக்கவில்லையே?

1923இல் அப்படித்தான் நடந்தது. தளபதி பிரிமோ தெ ரிவேராவின் புரட்சியை மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ ஏற்றுக்கொண்டார். 1936இல் மன்னர் இல்லை. 1931இல் பிறந்த குடியரசுக்கு எதிராகத் தளபதிகள் ஜூலையில் கிளர்ந்தபோது, மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் தொழிலாளர்களும் விசுவாசமான காவல்படைகளும் அதை முறியடித்தார்கள். மொராக்கோவிலிருந்த தளபதி ஃபிராங்கோவின் படையை ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் ஏற்றிவந்து இறக்காவிட்டால் கிளர்ச்சி அங்கேயே தேங்கியிருக்கக்கூடும். பிரிட்டனும் பிரான்சும் தலையிடாக் கொள்கை என்று ஒதுங்கின. மற்ற நாடுகளில் சில நாட்களில் முடிந்தது, ஸ்பெயினில் ஏறத்தாழ மூன்றாண்டுப் போராகி ஃபிராங்கோவின் வெற்றியில் முடிந்தது.

17. நம்மை அடிமையாக வைத்திருந்த பிரிட்டனை ஜனநாயக நாடு என்று சொல்வது நியாயமா?

கேட்க வேண்டிய கேள்வி. தப்பிய ஜனநாயகங்களில் பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நான்கும் கடல்கடந்து கோடிக்கணக்கானவர்களை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் ஆண்டன. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் பிரிட்டிஷ் இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கே மாகாணத் தேர்தலில் வாக்குரிமை இருந்தது. 1939இல் தேர்ந்தெடுக்கப்பட்ட எவரையும் கேட்காமலேயே இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் அறிவித்தார்.

இதற்கு ஒரு விசித்திரமான மறுபக்கமும் உண்டு. இலங்கையில் 1931இலேயே 21 வயதான ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. பிரெஞ்சுப் பெண்கள் அதற்கு 1944 வரையும், சுவிஸ் பெண்கள் தேசிய அளவில் 1971 வரையும் காத்திருந்தார்கள். ஆனால் முழுத் தன்னாட்சி தராத அரசியலமைப்பு என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அந்த முதல் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. இந்தப் பக்கத்தில் ஜனநாயகம் என்று நான் எழுதும்போது, ஒரு நாடு தன் குடிமக்கள் என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு உள்ளே நடந்ததையே குறிக்கிறேன்.

18. இந்தச் சர்வாதிகாரங்கள் எல்லாம் 1945இல் முடிந்துவிட்டனவா?

ஜெர்மனியிலும் இத்தாலியிலும் முடிந்தன. இத்தாலியர்கள் 1946 ஜூன் 2 அன்று வாக்களித்து முடியாட்சியையே நீக்கினார்கள். ஐந்தாவது, ஆறாவது பதில்களைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். மேற்கு ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டம் குடியரசுத் தலைவரின் அவசர அதிகாரங்களைப் பறித்தது. மாற்றுப் பிரதமரைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கும் பிரதமரை அவை நீக்க முடியாது என்றும் வகுத்தது.

போரில் சிக்காத இருவர் நீடித்தார்கள். சலசார் அமைத்த ஆட்சியை 1974 ஏப்ரல் 25 அன்று இளம் ராணுவ அதிகாரிகள் கவிழ்த்தார்கள். ஃபிராங்கோ 1975 நவம்பரில் படுக்கையில் இறந்தார். ஸ்பெயினில் அடுத்த சுதந்திரமான தேர்தல் 1977 ஜூனில் நடந்தது. போலந்து முதல் பல்கேரியா வரையிலான கிழக்கு நாடுகள் ஒரு சர்வாதிகாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவை 1989-90இல்தான் மீண்டும் பல கட்சித் தேர்தலைக் கண்டன.